வலது கையால் ஊற்றிய தேநீர்

ஓஷ் நகரச் சந்தையில் சலோமத்தின் ரொட்டிக்குத் தனிக் கூட்டம் நிற்கும். தகிக்கிற தந்தூர் அடுப்புக்குள் வலது கையைத் தோள்வரை விட்டு, மாவைச் சுவரில் அறைந்துவிட்டு வெளியே எடுப்பாள். புருஷன் போன பிறகு பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தக் கைதான்.

அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் மொக்குப் போல வீங்கியிருந்தது. வெடித்தால் ஆள் மிஞ்சுவது கஷ்டம். குழாய் வழியே போய் மெல்லிய கம்பிச் சுருளை வைத்து அடைக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் எப்போதும் தொடை வழியாகத்தான் போவார்கள். இளம் டாக்டர் உலான் மணிக்கட்டு வழியாகப் போகக் கற்று வந்திருந்தார்.

"கையா? தொடையில எங்க வேணா குத்திக்கோ தம்பி. கையத் தொடாதே."

"உங்க தொடைக் குழாய் கெட்டுப்போய்க் கிடக்குக்கா. கைக்கு ரெண்டு குழாய் ரத்தம் கொடுக்குது. ஒண்ணு அடைஞ்சாலும் இன்னொண்ணு பாத்துக்கும்."

அவள் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டு குழாயையும் அழுத்தி, கையை விரிக்கவைத்து ஒன்றை மட்டும் விட்டார். வெளுத்த உள்ளங்கை மெல்லச் சிவந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை போச்சுன்னா உன் வீட்டு வாசல்லதான் உக்காருவேன்."

"வாங்க, சாப்பாடு போடுறேன்."

"உன் பொண்டாட்டி சமைச்சதையா? அதுக்கு மொக்கே வெடிக்கட்டும்."

மணிக்கட்டு வழியாகவே நல்லபடியாக முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் தொடை வழியாகச் செய்துகொண்டவள் மரக்கட்டை மாதிரி மல்லாந்து கிடந்தாள். சலோமத்தோ மணிக்கட்டில் ரத்தம் கசியாமல் அழுத்தும் காற்றடைத்த பட்டையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வினையே அங்கேதான். சாயங்காலம் மகனின் மாமியார் ரானோ புலாவோடு வந்தாள். சம்பந்திக்கு இடது கையால் கோப்பை நீட்டுவதா? இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. சலோமத் தேநீர் நிறைந்த கெட்டிலை வலது கையால் தூக்கினாள். பட்டை நகர்ந்தது. விரிப்பெல்லாம் ரத்தம்.

உலான் ஓடிவந்து அழுத்திப் பிடித்தார். பின்னாலேயே பெரிய டாக்டர்.

"இதுக்குத்தான் தொடைன்னேன். படுத்தவ அசையமாட்டா. இந்தக் கை வேலைய இதோட நிறுத்திக்கோ."

"விரல ஆட்டுங்கக்கா" என்றார் உலான். விரல்கள் ஆடின. சலோமத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ரானோ கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். "இந்தக் கட்டில் இன்னைக்கு என் வீடு. நீ விருந்தாளி. விருந்தாளி கெட்டிலத் தொட்டா எனக்குத்தான் அவமானம், தெரிஞ்சுக்கோ!"

சலோமத் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அதை அவள் அசைக்கவேயில்லை. அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்று உலான் எச்சரித்தபோது தலையை ஆட்டிவிட்டு மறந்தவள்தான்.

பெரிய டாக்டர் மடியில் அடங்கிக் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார். "சரி, இன்னும் கொஞ்ச பேருக்குச் செஞ்சு பாரு" என்று உலானிடம் முனகிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பட்டை கட்டிய ஒவ்வொருவரிடமும் நர்சுகள் முதலில் சொல்வது, "இன்னைக்கு நீங்க விருந்தாளி."

வசந்தத்தில் உலான் சந்தைக்குப் போனார். சலோமத் தந்தூரிலிருந்து சுடச்சுட ஒரு ரொட்டியை எடுத்து வலது கையால் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"அடுப்புச் சூடு அடிக்குது, வாங்கித் தொலை தம்பி" என்றாள்.