இரண்டு ரூபாய்க்கு ஏலம் போன கழிப்பறை

மாராக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது தொண்ணூற்று நான்காம் வருடம், ஆவணி மாதம். சிறுநீரகத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார் டாக்டர். "தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று அதட்டினார். டாக்டர் போன பிறகு மாராக்கா என்னிடம் சொன்னார்.

"பொழுது சாஞ்சா குடிக்கறதில்லீங்க அம்மணி. குடிச்சா குளத்தோரம் போவோணும். அங்க ஆளுக இருக்கறானுக. ஒருக்கா சிக்கிப்போட்டேன்."

நான் சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு கட்டிடக் கான்ட்ராக்டரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். அவர் எங்கள் சபையின் மூப்பரும்கூட. மாராக்கா அவருடைய சைட்டில் சித்தாளாக இருந்தவர். அங்கே சாரம் சரிந்து மாராக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. வேலை போயிற்று. மதுக்கரையில் இருந்த வாடகை அறையும் போயிற்று. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வந்து படுத்தார். அங்கே இருந்த கட்டணக் கழிப்பறையை ராத்திரியில் பூட்டிவிடுவார்கள்.

அங்கே படுத்திருந்த பெண்களுக்கு ஓர் இல்லம் கட்ட எங்கள் சபை தீர்மானித்திருந்தது. இடம் இருந்தது, பணம் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் திரட்டலாம் என்றார்கள். வழக்கமாக அதில் வாழைத்தாரும் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகும். இந்த முறை இல்லத்தையே பகுதி பகுதியாக ஏலம் விடலாம் என்று நான் யோசனை சொன்னேன். வாசல் கதவுக்கு ஒரு சீட்டு, ஜன்னல்களுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, நான்கு கழிப்பறைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு சீட்டிலும் அதற்கு ஆகும் விலையை எழுதினேன். எடுத்தவர்களின் பெயரை அந்தந்த இடத்தில் கல்லில் பொறிப்பதாகவும் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். மாராக்காவுக்கு வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜெபத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்குக் கூசியது. "மற்ற வசதிகளையும் தாரும்" என்றே கேட்டேன். பண்டிகையன்று காலையில்தான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, நாலு கக்கூஸ் வேணும். உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

ஏலம் கூறியவர் மூப்பரான எங்கள் முதலாளிதான். வாசல் கதவுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டன. கூரையும் தொட்டியும் சீட்டில் எழுதிய விலைக்கு மேலேயே போயின. கடைசியாகக் கழிப்பறைச் சீட்டைக் கையில் எடுத்த முதலாளி, விலையைப் படிக்காமலேயே சிரித்துவிட்டார்.

"நாலு கக்கூஸுங்க! யாருக்கு வேணும்?"

"அதுல எம் பேரைப் பொறிச்சா பேரன் பேத்தியெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் படிப்பாங்க!" என்றார் ஒருவர். பந்தலே சிரித்தது. மாராக்கா கடைசி வரிசையில் இருந்து எழுந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்த அவரை நான்தான் கூட்டி வந்திருந்தேன்.

"ஏனுங்க, ரெண்டு ரூவாய்ங்க."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முதலாளி கைகூப்பினார். "வாங்க மகாராணி! நொண்டிக்கிட்டே வந்து வாங்கிக்குங்க. ரெண்டு ரூவா ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! நாலும் உங்களுக்குத்தானுங்க!"

மாராக்கா பந்தலின் முழு நீளத்தையும் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். காசைக் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டுமே என்று நினைத்தேன். இதை மறைத்தால் என் சாட்சி பொய்யாகிவிடும்.

சிரிப்பு அடங்கியதும் ஆயர் எழுந்தார். மாராக்காவிடம் சீட்டை வாங்கிப் படித்தார். "இதுல விலை போட்டிருக்குதுங்களே ஐயா" என்றார்.

எங்கள் சபையில் ஒரு கட்டளை உண்டு. ஏலம் கூறுகிறவர் சீட்டு விலைக்குக் கீழே மூன்றுதரம் சொல்லிவிட்டால், குறையும் தொகை அவருடைய பொறுப்பு. சொந்தக்காரர்களுக்குச் சல்லிசாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று சண்டை வந்தபோது கொண்டுவந்தது.

"கேலிக்குச் சொன்னதுங்க!" என்றார் முதலாளி.

"காசு கை மாறிப்போச்சுங்களே. போன வருசம் சேவலுக்கு இதே மாதிரி ஆனப்ப, நீங்கதானுங்க ஏலம் கூறுன பையன்கிட்ட முழுசா வசூல் பண்ணச் சொன்னீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. குறைந்த தொகை முழுவதையும் முதலாளி கட்டினார்.

திங்கட்கிழமை என் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். "கக்கூஸ் கட்டறதுதானே உனக்குப் பெருசு? அங்கயே போயி உக்காந்துக்க, கண்ணு" என்றார். ஏழு மாதம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த நாட்களில் இல்லத்தின் கட்டிட வேலையை நானே நின்று பார்த்துக்கொண்டேன். தாழ்ப்பாளை நானே கடையில் ஆட்டிப் பார்த்து வாங்கினேன்.

மார்கழியில் மாராக்கா அங்கே குடிவந்தார். ராத்திரியில் தண்ணீர் குடித்தார். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. வைகாசியில் இறந்துபோனார். அடக்கத்துக்கு முதலாளி வரவில்லை.

"இது என்ன பதில்?" என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். நானும் தேவனிடம் கேட்டேன், கோபமாகவே கேட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஐந்து மாதம் அந்த அம்மாள் பயமில்லாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களில் ஒருவர் மனமும் அதற்கு இரங்கவில்லை. எங்கள் பரிகாசத்தை வைத்தே கர்த்தர் அதைக் கட்டினார். அவருக்கு ஸ்தோத்திரம்.

அன்று முதல் நான் சுற்றி வளைத்து ஜெபிப்பதில்லை. அன்பானவர்களே, தேவ சமுகத்தில் சொல்லக் கூசுகிற தேவை உங்களுக்கும் இருக்கலாம். அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார்.