பட்டன் அக்காவின் மூன்று நிமிடம்

எங்கள் சந்தில் அவளைப் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தையல் கம்பெனியிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். நூலைக் கடிக்க மட்டும்தான் வாயைத் திறப்பாள் என்று சொல்வோம். கட்டட வேலைக்குப் போகும் அவள் புருஷன் அவளுக்கும் மேல். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயது. இந்த முனையில் அவள் சிரித்தால் அந்த முனையில் கேட்கும்.

சந்து அப்போது இரண்டு முழம் அகலம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலுக்கடியில் சாக்கடை, அதன்மேல் இற்றுப்போன பலகைகள்.

அந்தப் பிள்ளைக்கு இழுப்பு உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "அம்மா, மூச்சு விட முடியல" என்றாள். முந்தின வாரமும் இதையே சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தவள். மதியத்துக்குள் ஒரு மூட்டைச் சட்டை போய்ச் சேர வேண்டும். "நடிக்காம படு" என்று சொல்லிவிட்டு அக்கா தைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம். அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு எல்லாம் கேட்டது. அலுவலகங்களுக்கு அனுப்பும் சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டும் அவசரத்தில் நானும் எழுந்து போகவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. நானும் அக்காவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வண்டியில் கிடத்தும்போது மூச்சு இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தை அக்கா புருஷனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து, எங்கள் நலச்சங்கத்தை நடத்தும் கண்டக்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எல்லாரையும் உள்ளே தள்ளிப் போகச் சொல்லும் குரல். யாரும் திரும்பிப் பார்க்காத நகரப் பகுதிகளுக்கு ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறதாம். சந்தை அகலப்படுத்தலாம், சாக்கடையை மூடலாம், ஒரு கிளினிக்கும் வைக்கலாம். அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் எப்போதும் ஃபைல் இருக்கும் என்பதால் ஃபைல் பொண்ணு என்று பேர் வைத்தோம். கெட்டவள் இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரை யோசிக்காமல் வாங்கிக் குடித்தவள்.

"நிதி கொடுக்கறவங்க முன்னாடி நேர்ல வந்து பேசறதுக்கு, இந்தச் சந்தால பாதிக்கப்பட்ட ஒருத்தர் வேணும்" என்றாள். எல்லார் கண்களும் ஒரே வாசலுக்குப் போயின.

புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கண்டக்டர் வீட்டில் அக்கா முதல்முறையாகப் பேசினாள். முன்னும் பின்னுமாக, எல்லாவற்றையும் சொன்னாள். ஃபைல் பொண்ணு எழுதுவதை நிறுத்தினாள்.

"அக்கா, அந்த ஒரு மணி நேரத்த விட்டுடலாம். பொய் சொல்லச் சொல்லல. அதச் சொன்னா தப்பு சந்து மேல இல்ல, உங்க மேலன்னு ஆயிடும்."

"அறுபது வீட்டுப் பிள்ளைங்க இருக்காங்கம்மா" என்றார் கண்டக்டர்.

பேச்சை மூன்று நிமிடத்துக்குச் சுருக்கினார்கள். ஐந்து அரங்கங்களில் அக்கா பேசினாள். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தலையைத் தூக்க வேண்டும் எல்லாம் படிந்துவிட்டது. ஓர் அரங்கத்தில் யாரோ கையைப் பிடித்து "ரொம்ப நல்லா பேசினீங்க" என்றார்களாம். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். "செத்த பிள்ளைய மேடை மேடையா தூக்கிட்டுத் திரியறா" என்று அவள் புருஷன் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த வருஷம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

நிதி வந்தது. வீட்டுக்கு வீடு முன்சுவரை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சாக்கடைக்கு சிமெண்ட் மூடி போட்டார்கள். கடைசி வீட்டைக் கிளினிக் ஆக்கி, மருந்தை ஆவியாக்கி மூச்சுக்குக் கொடுக்கும் மெஷின் ஒன்றும் வைத்தார்கள்.

திறப்பு நாளில் அவள் புருஷனும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். "காலைல பிள்ளை மூச்சு விட முடியலன்னு சொன்னா" என்ற இடத்தில் நின்றாள். அது நிற்க வேண்டிய இடம் இல்லை.

"நான் நம்பல" என்றாள். "ஒரு மணி நேரம் பட்டன் தைச்சிட்டிருந்தேன். இத எங்கயும் சொல்லல. வழி இல்லாததும் கொன்னுச்சு. நானும் கொன்னேன்."

ஃபைல் பொண்ணு ஓடி வந்து மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் விவரம் புரியாத யாரோ கை தட்டினார்கள். அவள் புருஷன் எழுந்து போனார். கத்தவில்லை, அடிக்கவில்லை. அன்றிலிருந்து வேலை நடக்கும் கட்டடத்திலேயே படுத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை அரிசி, பருப்பை வாசலில் வைத்துவிட்டுப் போவார். திட்டித் தீர்த்துவிட்டாவது வீட்டுக்கு வரக் கூடாதா என்று ஒருநாள் வழிமறித்துக் கேட்டேன்.

"திட்டணும்னாலும் வார்த்தை வேணுமே தங்கச்சி. எங்கிட்ட இல்ல" என்றார்.

கிளினிக் மூன்று வருஷம் நன்றாக நடந்தது. அந்த மெஷினால் மூச்சு திரும்பிய பிள்ளைகளில் என் சின்னவளும் ஒருத்தி. பிறகு திட்டக்காலம் முடிந்தது என்றார்கள். டாக்டர் வருவது நின்றது, மெஷினை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள். கண்டக்டர் நடையாய் நடந்தார். வேறு ஊர்களில் கவனம் செலுத்துகிறோம் என்று அறக்கட்டளை கைவிரித்தது. கடைசியில் இன்னோர் அறக்கட்டளையைப் பிடித்தார். அவர்களும் நேரில் பேச ஒருவரைக் கேட்டார்கள்.

அவர் அக்காவிடம் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்தார். "இன்னும் ஒரு தடவ பேசும்மா. ஆனா..." என்று இழுத்தார்.

"ஒரு மணி நேரத்த விட்டுடணும். அதானே?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உன் பொண்ணுக்கு இழுப்பு எப்படி இருக்கு?"

"மழை வந்தா கஷ்டம்தான்க்கா."

கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். "எப்போ போகணும்?"

நானும் கூடப் போனேன். ஒரு சொல் பிசகாமல் மூன்று நிமிடம் பேசினாள். எதிரே கண்ணைத் துடைத்தார்கள். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்:

"சொல்லிச் சொல்லி, இப்பல்லாம் ஆம்புலன்ஸ் வந்ததுலேருந்துதான் எனக்கு ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி பிள்ளை என்ன பேசினா, தண்ணி கேட்டாளா, கேக்கலையா, பிடிபட மாட்டேங்குது."

கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். நான் சொல்லவில்லை.

பாதி நிதிதான் கிடைத்தது, அதுவும் ஒரு வருஷத்துக்கு. டாக்டர் இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார். வேறு ஊரில் பேச வரச் சொல்லி அக்காவுக்குக் கடிதம் வந்தது. கம்பெனி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். போன மாதம் அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீடு வந்து சேர்ந்தார். துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். ஆஸ்பத்திரி ஆட்கள் அவரைக் கொண்டுவந்து விட்ட அன்று, எங்கே படுக்க வைக்க என்று கேட்டார்கள். அக்கா சட்டை மூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்தாள்.