இறுகினால் விலகிவிடும் கை

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் வாசலில் முதலில் எழுந்திருப்பது பெட்ரோல் வாசம்தான். அதற்கு அப்புறம்தான் நான் எழுந்திருப்பேன்.

சிரட்டையில் கொஞ்சம் பெட்ரோல், தேய்ந்துபோன பல் பிரஷ், கிழிந்த பனியன் துணி... என் வீட்டுக்காரர் பைக் செயினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு நாளு தலை சீவி விட்டிருப்பீகளா? செயினுக்கு மட்டும் பல்லு வெளக்கி விடுறீக!" என்பேன்.

"செயினு எதுத்துப் பேசாதுல்ல" என்பார். தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

அவருக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. எனக்கு வேறொரு கம்பெனியில் திரி வெட்டும் வேலை. என்னை வேன் வந்து ஏற்றிப்போகும். அவர் எங்கள் ஊர் எம். புதுப்பட்டியிலிருந்து பைக்கில் போவார். செகண்ட் ஹேண்ட் வண்டி. செயினைத் துடைப்பது, ஏர் ஃபில்டரை ஊதுவது, எண்ணெய் விடுவது எல்லாம் அவரேதான். எதையும் உரசாமல், தட்டாமல், பூவைத் தொடுகிற மாதிரி செய்வார். நகக்கண்ணில் அலுமினியப் பொடி மின்னும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது.

மருந்து அறையில் பழகிய கை அப்படித்தான். அங்கே இரும்பு கூடாது. தேய்க்கக் கூடாது. ஒரு பொறி போதும். டப்பா மூடி இறுகிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டக் கூடாது... கையை எடுத்துவிட்டு வெளியே வந்து போர்மேனைக் கூப்பிட வேண்டும். திரி வெட்டுகிற எனக்கே இதுதான் முதல் பாடம். மருந்துக்காரருக்குச் சொல்லவா வேண்டும்.

ஒரு ஞாயிறு, மல்லாங்கிணற்றில் என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. பார்த்தால் பின் பிரேக் கிரீச் கிரீச்சென்று கத்துகிறது.

"சக்கரத்தைக் கழட்டுற சோலியெல்லாம் மெக்கானிக்குட்ட குடுங்க."

"மருந்து கலக்குற கைக்கு ஒரு நட்டு முடுக்கத் தெரியாதாக்கும்?"

பழைய நட்டு லேசாகவே கழன்று வந்தது; புது பிரேக் ஷூ மாட்டினார். சக்கரத்தைப் பூட்டினார். கிளம்பிவிட்டோம். அப்போது ஆறு வயசான மகள் முன்னால், டேங்க் மேல். நான் பின்னால், மடியில் சீர்த்தட்டோடு.

விருதுநகர் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது.

"என்ன, காதுகுத்து வீட்டுக் கொட்டு இங்கனயே கேட்டுருச்சா? வண்டி இந்த ஆட்டம் ஆடுது!"

பின்னால் ஒரு லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் ஓரத்தில் ஒடித்து நிறுத்துவதற்கும் அது எங்களை ஒட்டிக்கொண்டு போவதற்கும் சரியாக இருந்தது. அது போன வேகத்தில் தட்டின் மேல் மூடியிருந்த துணி பறந்தே போய்விட்டது...

இறங்கிக் குனிந்து பார்த்தோம். பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நட்டு கடைசி மரையில் நின்றது. மகள் இரண்டு விரலால் சுற்றினாள். சுற்றியது.

"இது வெளாட்டு நட்டாப்பா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

தள்ளிக்கொண்டே போனோம். ரோட்டோரம் ஒரு மெக்கானிக் கடை. முன்பின் தெரியாத ஆள். நட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"யாருண்ணே பூட்டுனது? பச்சப்பிள்ளைக்கு வளவி போட்ட மாதிரில்ல பூட்டியிருக்கீக!"

"நாந்தான்."

"இந்தாங்க ஸ்பேனரு. என் கண்ணு முன்னால ஒருக்கா முடுக்குங்க, பாப்போம்."

பிடித்தார். சுற்றினார். நட்டு இறுகத் தொடங்கியது... அந்த இடத்தில் கை தானாக விலகியது.

"இன்னும், இன்னும்! ஏறி மிதிங்கண்ணே!"

மறுபடி பிடித்தார். மறுபடி அதே இடம். மறுபடி கை விலகியது. நெற்றியெல்லாம் வேர்வை. வேண்டுமென்றா செய்கிறார்? தன் கை விலகுவது அவருக்கே தெரியவில்லை.

கேலி பேசத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கை அப்படி விலகுவதால்தான் மனுசன் தினமும் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர்கிறார். எங்கள் தெருவில் அப்படி வந்து சேராதவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்...

"பழகுனா வந்துரும்ணே. நாலு தடவ மிதிச்சீகன்னா கை கேட்டுக்கிரும்" என்றார் மெக்கானிக்.

நாளைக்குத் திங்கட்கிழமை. இதே கைதான் மருந்து அறைக்குப் போக வேண்டும்.

"வேண்டாம்ணே. அந்தக் கைக்கு இதப் பழக்கிறாதீக. நீங்களே முடுக்கிருங்க" என்றேன்.

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணே என்ன சோலி பாக்குறீக?" என்று கேட்டார்.

"மருந்து" என்றார் இவர்.

அப்புறம் மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, ஏறி மிதித்தார். நட்டு முறுகிக் கத்தியது. என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்துக்கு ஒரு எட்டுப் பின்னால் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வண்டிக்குப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. துடைப்பது, ஊதுவது, எண்ணெய் விடுவது அவர் பங்கு. இறுக்குவது, நெம்புவது, அடிப்பது எதுவானாலும் மெக்கானிக் பங்கு. ஒரு சைடு கண்ணாடியை முடுக்கக்கூட நான் விட்டதில்லை.

இப்போது மகள் சிவகாசியில் டைரி அடிக்கிற கம்பெனியில் ஆர்டர் எடுக்கிறாள். அவள் ஸ்கூட்டருக்கு சர்வீஸ் நாள் போனிலேயே வந்துவிடுகிறது. ஏசியில் உட்கார்ந்திருந்தால் வண்டியைக் கழுவித் துடைத்து வெளியே தள்ளிவிட்டுப் போகிறார்கள். நட்டை முடுக்கினவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. வாசலில் பெட்ரோல் வாசமும் குறைந்துபோனது.

அவர் மட்டும் இன்னமும் மருந்து அறைக்குத்தான் போகிறார்.

போன வாரம் சாப்பிடும்போது மகள் ஊறுகாய் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். "மூடி வர மாட்டேங்குதுப்பா." வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இறுக்கமாக இருந்தது. கையை எடுத்துவிட்டு, பாட்டிலை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"இம்புட்டுத்தானா உங்க பலம்!" என்று சொல்லிக்கொண்டே நான் திறந்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

கை இன்னும் மறக்கவில்லை... அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.