படக்கதையில் இல்லாத மலை

போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் படக்கதைப் புத்தகம் கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பலகை விளையாட்டுகள் ஆடி ஜெயிக்கும் ஒரு பெண்ணின் கதை. ஏதோ வெளிநாட்டுக் கதையைத் தமிழில் போட்டிருந்தார்கள். சின்ன வயதில் எனக்கு அது உயிர். மலை உச்சியில் கிழ ராஜாவோடு அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் ஆடும் இடத்தை என் மகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவளுக்குக் காட்டலாம் என்று புரட்டினால், ராஜாவும் இல்லை, மலையும் இல்லை. முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்தொன்பது வருகிறது. என் கைக்கு வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் நான் பார்த்த மலை எது? எங்கள் கொல்லையிலிருந்து மேற்கே நீலமாகத் தெரியும் கல்வராயன் மலைதான். அதைக் கைகாட்டிக் கதை சொன்னவள் அஞ்சலை.

அஞ்சலை ஊருக்கு வெளியே இருந்த காலனிப் பெண், என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவள் அம்மா எங்கள் நிலத்துக்குக் களை எடுக்க வருவார். புத்தகம் அஞ்சலையுடையது. பாண்டிச்சேரியில் வேலை பார்த்த அவள் மாமா பழைய பேப்பர் கடையில் வாங்கிவந்து கொடுத்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த சமயம். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். ரிஷிவந்தியத்துக்கு பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. வீட்டு ஆண்கள் நமக்கும் பங்கு வேண்டும் என்று பேசிக்கொண்டே மறியலுக்குப் போய்விடுவார்கள். நானும் அஞ்சலையும் மோட்டார் கொட்டகைத் தரையில் கரியால் கட்டம் கிழித்து, புத்தகத்தில் பார்த்தபடி புளியங்கொட்டைகளை வைத்து ஆடுவோம். எப்போதும் அவளே ஜெயிப்பாள். காணாமல்போன பக்கங்களில் என்ன நடந்தது என்று கேட்டால் சளைக்காமல் சொல்வாள்.

"உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த ராசா தோ அந்த மலைலதான் குந்திக்கினு இருந்தாரு. எனுக்குத் தெரியாதா இன்னா?" என்றாள்.

நான்காம் நாள் மத்தியானம் சித்தப்பா கோடரியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். வெட்டிய மரங்களை முன்னிட்டு ஊருக்கும் காலனிக்கும் அதற்குள் வாய்த்தகராறு வந்திருந்தது. வேலைக்குத் தவிர காலனியிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். கட்டங்களைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"யாருது இது?"

அடிக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே ஏமாற்றி வந்திருக்கிறேன். பயம் பாதிதான். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டியிருந்தது.

"என்னுது. பாக்கறன்னு இவதான் வந்து குந்திக்கினா," என்றேன்.

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். வரப்பில் அவள் அம்மா களைக்கொத்தோடு நிமிர்ந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. அவங்களுதுங்க."

இனிமேல் பெண்ணைக் கூட்டிவரக்கூடாது என்று அன்றைக்கே அவள் அம்மாவுக்கு உத்தரவாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அஞ்சலை புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் மாமாவோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாள் என்றார்கள். ராஜாவின் கதையை அவளே கட்டிச் சொன்னாள் என்பதுகூட எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது. என் மகளிடம் அதையும் என் புத்தகத்துக் கதை என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

அந்த மத்தியானம் வரை அவள் என்னை வாடி போடி என்றுதான் கூப்பிடுவாள். 'அவங்க' என்று அவள் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை. புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டாள், சித்தப்பா முன்னால் மரியாதையும் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சந்தோஷமாகவே வீட்டுக்கு நடந்தேன்.