என் வகுப்புக் குழுவில் என் கணவர்

எங்கள் கல்லூரி வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நான் கிடையாது, என் கணவர் இருக்கிறார். நல்ல கூத்து.

குழு தொடங்கியபோது என் எண்ணைத் தேடிய தோழி எங்கள் திருச்சபையின் குடும்ப விவரப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். அதில் வீட்டுக்கு ஒரே எண்தான், அதுவும் குடும்பத் தலைவருடையது. அதையே சேர்த்துவிட்டாள். என்னையும் சேர்க்கச் சொல்லுங்கள் என்று இவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வீட்டுக்கு ஒண்ணு போதும்லா. வாறதெல்லாம் நான் வாசிச்சுத் தாறேன்" என்றார்.

வாசித்தார், இல்லையென்று சொல்லவில்லை. காலையில் சாயாவோடு உட்கார்ந்து, ஒருத்தி தலைமையாசிரியை ஆனது, ஒருவன் துபாயில் மேலாளர் ஆனது, காட்டாக்கடையில் ஒருத்தி பள்ளிக்கூடம் தொடங்கியது எல்லாம் சொல்வார். பதிலும் அவரே போடுவார். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போன சேதி அவருடைய பதவி உயர்வும் மகளின் கனடா விசாவும். நெய்யாற்றின்கரை டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டே நாற்பதைத் தாண்டி நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அதையும் போட்டார், தான் நடுவில் நிற்கிற படத்தோடு. குவிந்த வாழ்த்துகளுக்கெல்லாம் நன்றி சொன்னதும் அந்த மகராசன்தான்.

வாழ்த்து யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது வேலை. ஒரு கல்லூரி வகுப்பறையில் நின்று தமிழ் நடத்த வேண்டும். அந்த ஒரே ஆசையில்தான் அடுக்களை வேலை ஒழிந்த நேரத்திலெல்லாம் ஆய்வேட்டை எழுதினேன்.

இந்த வருஷம் கல்லூரியில் நடந்த பழைய மாணவர் கூட்டத்துக்கு நானே பஸ் ஏறி, களியக்காவிளை எல்லையைத் தாண்டிப் போனேன். ஒவ்வொருவராக மேடையேறி, சபையில் சாட்சி சொல்வதுபோலத் தங்கள் உயர்வைச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில், அங்கேயே தமிழ்த்துறைத் தலைவியாக இருக்கிற தோழி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் மக்கா அந்த வேலைய வேண்டாமுன்னு சொன்ன? ஒன்ன மனசில வச்சாக்கும் குரூப்பில கேட்டேன்."

"எந்த வேலை?"

போனை எடுத்துக் காட்டினாள். துறையில் ஓர் இடம் காலி, உனக்கு வர விருப்பமா என்று என் பெயரைப் போட்டே கேட்டிருந்தாள். கீழே என் கணவரின் பதில்: 'வீட்டுப் பொறுப்புகள் காரணமாக இயலாது. நன்றி.'

"நீ சொல்லி அவரு எழுதினதுன்னுல்லா நெனச்சேன்" என்றாள் பாவம். அந்த இடம் எங்கள் வகுப்புக்காரி இன்னொருத்திக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெனமும் ரெண்டு பஸ் மாறிப் போய்வர ஒனக்கு முடியுமா? ஒன் நல்லதுக்காக்கும் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேட்டா நீ போறேன்னுல்லா சொல்லுவ."

அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் குழுவைத் திறந்து பார்த்தேன். அந்த வேலை கிடைத்தவள், வகுப்பறையில் கரும்பலகை முன்னால் நிற்கிற படத்தைப் போட்டிருந்தாள். முதல் வாழ்த்து என் கணவருடையது: 'வாழ்த்துகள் சகோதரி. பெண்கள் இப்படித்தான் முன்னேறி வர வேண்டும்.'