திரும்பிப் பார்க்கும் சிலைடு

எங்கள் சித்தப்பாவுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். சாப்பிடும்போது ஆடும், படம் வரையும்போது ஆடும், தூக்கத்தில்கூட ஆடும் என்று அம்மா சத்தியம் செய்வாள். வீட்டுக்கு ஆகாது என்று அப்பா திட்டித் திட்டி அலுத்துப்போனார். கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவருக்கு வேலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. யார் எதை வரையச் சொன்னாலும் வரைவார். லாரிக்குப் பின்னால் மயில், வாத்தியார்களுக்கு அட்டையில் குடலும் இரைப்பையும், டூரிங் டாக்கீஸ் இடைவேளையில் காட்டுகிற கடை விளம்பரத்துக்குக் கண்ணாடிச் சிலைடு. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய் மை வாங்கி வருவார். வந்த அன்றே ஏதோ ஒரு நிறம் விட்டுப்போச்சென்று மறுபடி பஸ் ஏறுவார். அப்பாவுக்கு இது ஒரு பிழைப்பாகவே தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் ஆள் பிடித்துச் சொல்லிவைத்திருந்தார்.

"ஆடி கழியட்டும், மில்லுக்குப் போற வழியப் பாரு. எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னா காலாட்டம் தன்னால நிக்கும்."

சித்தப்பா குனிந்து மையைக் குழைப்பார். கால் மட்டும் இன்னும் வேகமாக ஆடும். அவருக்கு மில் என்றாலே குலை நடுக்கம்.

அந்தச் சமயத்தில்தான் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் எனக்கு வாங்கித் தந்த விளையாட்டு அட்டை அவர் மண்டைக்குள் புகுந்துகொண்டது. அட்டையில் ஒரு சேவல் கீற்றுக் கீற்றாகக் கிடக்கும். கறுப்புக் கோடு போட்ட கண்ணாடித்தாளை அதன்மேல் மெல்ல நகர்த்தினால் சேவல் தலையைக் குனிந்து கொத்தும். இதையே சிலைடில் செய்தால் என்ன? ஒரு கண்ணாடியில் கீற்றுக் கீற்றாகப் படம், இன்னொன்றில் வெறும் கோடுகள். மேல் கண்ணாடியை நகர்த்தினால் திரையில் ஆள் நடக்கும்! நேராக ஜவுளிக்கடை முதலாளியிடம் போனார். சேலை கட்டிய பெண் ஒருத்தி நடந்து வருவாள், கீழே உங்கள் கடைப் பெயர் என்றார். முதலாளி வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். ஊரே இந்தச் சிலைடைக் கேட்டு வந்தால் மில் பேச்சையே எடுக்கமாட்டேன் என்று அப்பாவும் ஒரு வழியாக இறங்கி வந்தார்.

இப்போது நடப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. நான் இருந்தேன். அந்த வயதில் நான் யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே நடந்து காட்டுவேன். அதற்காக வாங்கிய குட்டுகள் ஒருபக்கம் இருக்க, ஊரில் எனக்கு அதில் நல்ல பெயரும் இருந்தது.

"ஏ புள்ளே, ஹெட்மாஸ்டர் மாதிரி நட." நடந்தேன். "ஒங்கம்மா மாதிரி." நடந்தேன், அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அப்புறம் சித்தப்பா பென்சிலைச் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "ஜவுளிக்கடைப் புள்ள எப்பிடி நடக்கும், தெரியுமா?"

தெரியாமலென்ன? முதலாளியின் மகள், அந்த அக்கா, தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் தன் அப்பாவுக்குச் சோறு கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போவார். சுடுமண்ணில் விறுவிறுவென்று நாலு எட்டு. இடது கையால் பாவாடையை லேசாகச் சுண்டித் தூக்கிப் பிடிப்பார். எங்கள் வீட்டைத் தாண்டி முக்குத் திரும்புமுன் கழுத்தை மட்டும் வளைத்து ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவ்வளவையும் அச்சாகச் செய்து காட்டினேன்.

பென்சில் நின்றது. "இன்னொருக்கா."

அதோடு விட்டாரா மனிதர்! வெயில் மண்டையைப் பிளக்கிறது, முற்றத்தில் போவதும் வருவதுமாக என்னை வாட்டி எடுத்துவிட்டார். நடப்பதைக்கூட விட்டுவிடுவார். அந்தத் திரும்பிப் பார்ப்பது இருக்கிறதே, அது மட்டும் அவருக்குப் போதவே போதாது. கழுத்து சுளுக்கிக்கொண்டது. மறுநாளும் நட என்றார். என் திறமையில் சொக்கிப்போய்விட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிலைடு முடிந்தது. முகத்தைக் காலண்டர் லட்சுமி மாதிரி எழுதிவிட்டார். முகம் வேறாக இருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறார், பாவம். எங்கள் பக்கம் பொட்டல் காடு. கண்மாய்க் கரையில் ஓர் ஆள் வந்தால் முகம் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே நடை தெரிந்துவிடும். நடையை வைத்துத்தான், வருவது மாமாவா கடன்காரனா என்று கண்டுபிடித்து, உலை வைப்பதா கதவைச் சாத்துவதா என்று முடிவு செய்வார்கள். ஊர் உலகமெல்லாம் வரைந்த மனிதருக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனதோ.

முதல் ஆட்டம், இடைவேளை. பெண்கள் பக்க மணலில் அம்மா மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். உட்கார எங்கே முடிந்தது? எழுந்து நின்று அம்மாவிடம் கிள்ளு வாங்கிக்கொண்டிருந்தேன். மிஷின் ரூமில் சித்தப்பாவே கண்ணாடியை நகர்த்தினார். திரையில் அந்தப் பெண் நடந்தாள். அடேயப்பா! கொட்டகையே வாயைப் பிளந்தது. நாலு எட்டு வைத்தாள், சேலையைச் சுண்டினாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏ ஆத்தா, இது நம்ம ஜவுளிக்கடைப் புள்ள நடையில்ல!" என்றாள் எங்களுக்குப் பின்னால் ஒருத்தி.

சிரிப்பு தடுப்பைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனது. விசில் பறந்தது. நாற்காலியில் இருந்த முதலாளி எழுந்து மிஷின் ரூமைப் பார்த்துத் திரும்பினார். அவர் துண்டை உதறித் தோளில் போட்ட விதத்திலேயே அடி விழப்போகிறது என்று தெரிந்தது. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கழுத்து சுளுக்க நடந்தவள் நான், பெயர் அக்காவுக்கா? மணலுக்குப் பின்னால் கிடந்த பெஞ்சியில் ஏறிக் கத்தினேன். "அது அவுக இல்ல! நாந்தான்! எங்க சித்தப்பா என்னையத்தான் நடக்கவிட்டு வரைஞ்சாரு!"

ஆண்கள் பக்கத் தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. பிறகு யாரோ, "அட, இந்த வாலு பாத்த வேலையா!" என்றார்கள். என் சங்கதி ஊருக்கே தெரியுமாதலால் கொட்டகை குலுங்கிச் சிரித்தது. முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தச் சிலைடை அன்றைக்கே உடைக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் எழுத்து மட்டும் போதுமாம்.

சித்தப்பா பிழைத்தார். சோடாக்கடை, உரக்கடை, மாட்டுத்தீவனக்கடை என்று ஆளாளுக்கு ஆடுகிற சிலைடு கேட்டு வந்தார்கள். மில் பேச்சு அடங்கியது. சேவல், காளை, சோடா பாட்டில் எல்லாவற்றையும் ஆட்டிக் காட்டினார். பெண்ணை மட்டும் அதன்பிறகு அவர் வரையவே இல்லை.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம், விருதுநகரில் மாப்பிள்ளை. அதற்கு முன் ஒருநாள் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டு, அந்தச் சிலைடில் இருந்ததை நடந்து காட்டச் சொன்னார். அன்று அவர் கொட்டகைக்கு வரவில்லை, சிலைடையும் உடைத்தாயிற்று. நடந்து காட்டினேன்.

"திரும்பிப் பாக்குறதையுமா போட்டாரு?"

"அதுக்குத்தானக்கா அம்புட்டு நடை நடக்கவிட்டாரு. போதும்னே சொல்லல. நீங்க எதைத்தான் அப்பிடித் திரும்பிப் பாப்பீக?"

அக்கா முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே, "வெயிலு எம்புட்டு இருக்குன்னு பாப்பேன்" என்றார். கை நிறைய முறுக்குக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. புகுந்த வீடு போகப் பயமாக இருக்கும் என்று நினைத்து நானே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் மாப்பிள்ளையோடு புறப்பட்ட அன்று எங்கள் தெருவுக்குள் கார் வரவில்லை. முக்கு வரைக்கும் நடந்துதான் போனார்கள். நானும் சித்தப்பாவும் ஜன்னலில் நின்று பார்த்தோம். அதே நடை, அதே மாதிரி சேலையைச் சுண்டிப் பிடித்தார். முக்கு வந்தது. கழுத்தை வளைக்காமல் அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

"என்ன சித்தப்பா, வெயிலு இந்தக் கொளுத்துக் கொளுத்துது. வெயிலு எம்புட்டுன்னு இன்னைக்கு அக்கா பாக்கவே இல்லையே?" என்றேன்.

சித்தப்பா ஜன்னலைச் சாத்தினார். உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவே இல்லை. அப்பா திட்டியது கடைசியில் உறைத்துவிட்டதென்று நினைத்து, அந்த நல்ல சேதியைச் சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.