பிரேக்கின் பலத்தைத் தின்ற விசில்

கொலம்பியாவின் மெடெயின் நகர மலைச்சரிவில் பட்டறை வைத்திருக்கும் நெரெய்தாவுக்கு, பழுதைத் துப்புத் துலக்குவதென்றால் பசியே மறந்துவிடும். வாடிக்கையாளர் எலாடியோ கொண்டுவந்த பழைய சொகுசுக் காரில் பிரேக் மிதி கல்லாக இறுகியிருந்தது. பதினைந்து வயது நிறையும் தன் மகளை, அந்த ஊர் வழக்கப்படி நடக்கும் பிறந்தநாள் பூசைக்கு, அவர் அதில்தான் மலையிறங்கித் தேவாலயத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

நெரெய்தா எஞ்சினை அணைத்து மிதியைப் பலமுறை அழுத்தினாள். காலை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்பினாள். அப்போது சற்றே இறங்க வேண்டிய மிதி இறங்கவில்லை. எஞ்சின் குழாய்வழியே காற்றை உறிஞ்சுவதுதான் மிதிக்குப் பலம். அந்தக் குழாய் எங்கோ கசிகிறது. "உஸ்ஸ்" என்ற சத்தம் கேட்ட இடத்தில் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, பிரேக் குழாயில என்னத்தைச் சொருகியிருக்கீங்க?"

"எஞ்சின் உறிஞ்சினா அடிக்கிற விசில்மா! ஊரே திரும்பிப் பார்க்கணும்ல?"

"பார்க்கும், நீங்க உருண்டு போறதை!"

விசிலைப் பிடுங்கிவிட்டுப் புதுக் குழாய் மாட்டினாள். மறுபடி சோதித்தபோது மிதி மெல்ல இறங்கியது. நெரெய்தா துள்ளினாள்.

"அப்ப விசிலு?"

"பின்சீட்டுல உட்கார்ந்து நானே அடிக்கிறேன். வண்டியை எடுங்க!"